மணக்கோலமும் நிலையாமையும்

விடியற்காலை முகூர்த்தத்துக்கு இட்ட ஒப்பனை இரவு வரவேற்பு முடியும்வரை கலையாமல் இருக்க வேண்டும், அன்று எடுக்கப்படும் ஒவ்வொரு படத்திலும் முகம் ஒரே சீராகத் தெரிய வேண்டும் என்னும் இரண்டு எதிர்பார்ப்புகளின் மேல்தான் இன்றைய மணப்பெண் அலங்காரத் தொழில் நிற்கிறது. முதலாவதை நிலைத்தல் என்றும், இரண்டாவதைப் படத்துக்குத் தகுதல் என்றும் சுருக்கமாகக் குறிக்கலாம். இவை அழகு நிலையத்தோடு முடிந்துபோகும் தொழில் நுணுக்கங்களாகத் தோன்றினாலும், சமயங்களும் மெய்யியலும் நெடுங்காலமாக எழுப்பிவந்த கேள்விகள் இவற்றுள் அடங்கியிருக்கின்றன. மாறுவதையே இயல்பாகக் கொண்ட உடலை ஒரு நாளாவது மாறாததாகக் காட்டுவது பொய்யாகுமா, அழகு என்பது யாருடைய பார்வைக்காகச் செய்யப்படுகிறது, ஒரு வாழ்நாள் முழுவதும் நீடிக்க வேண்டும் என்று வாழ்த்தப்படும் உறவின் முதல் நாளில் ஒரே நாளில் அழியும் கோலம் எதற்கு என்பவை அக்கேள்விகள்.

தமிழ் மரபில் இக்கேள்விகள் கூர்மை பெறுவதற்கு ஒரு காரணம் உண்டு. நிலையாமை, அதாவது உலகில் எதுவும் நின்று நிலைப்பதில்லை என்னும் உணர்வு, தொல்காப்பியத்தில் காஞ்சித் திணையின் பொருளாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. திருக்குறள் அதற்குத் தனி அதிகாரம் ஒதுக்குகிறது. நாலடியாரோ செல்வம், இளமை, யாக்கை ஆகிய மூன்றின் நிலையாமையையும் தன் முதல் மூன்று அதிகாரங்களாக வைத்திருக்கிறது. இத்தனை அழுத்தமாக நிலையாமையைப் பேசிய அதே மரபு, மணநாளில் பெண்ணுக்குப் பூவும் மஞ்சளும் பொன்னும் அணிவிப்பதை மங்கலம் என்று போற்றியது. இரண்டையும் முரணாகக் கருதி ஒன்றைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் இம்மரபின் நடைமுறைகளைக் கூர்ந்து நோக்கினால், நிலைத்தல் என்பதையே இருவகையாகப் பிரித்துப் பார்த்த ஒரு சிந்தனை அவற்றுள் இருப்பது புலப்படும். மாற்றத்தைத் தடுத்து நிற்பது ஒருவகை. அழிந்ததை மீண்டும் மீண்டும் புதுப்பித்து நிற்பது மற்றொரு வகை. மணப்பெண்ணின் முகத்தில் இடப்படும் ஒப்பனை இவற்றுள் எவ்வகையைச் சேர்ந்தது, திருமணம் எவ்வகையைச் சேர்ந்தது என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள்.

தடுத்து நிற்கும் படலம்

ஒப்பனை ஏன் கலைகிறது என்பதிலிருந்து தொடங்குவதே முறை. தோல் ஒரு சுவரைப் போல அசையாமல் இருப்பதில்லை. அது வியர்வையாக நீரையும், சீபம் எனப்படும் எண்ணெய்ப் பசையையும் இடைவிடாமல் வெளியிடுகிறது, சிரிக்கும்போதும் பேசும்போதும் மடிந்து விரிகிறது, மேலடுக்குச் செல்களை நாள்தோறும் உதிர்க்கிறது. எனவே நிறப்பொடியை முகத்தில் நிறுத்த விரும்புவோர் நீர், எண்ணெய், அசைவு ஆகிய மூன்றையும் எதிர்கொள்ள வேண்டும். முகத்தைக் கழுவி ஈரப்பதம் தரும் கிரீமைத் தடவிச் சில நிமிடங்கள் ஊறவிட்ட பின், பிரைமர் எனப்படும் அடிப்பூச்சு இடப்படுகிறது. பெரும்பாலும் சிலிக்கோன் சேர்மங்களால் ஆன இது, தோலின் நுண்துளைகளையும் மேடுபள்ளங்களையும் நிரவி மேற்பூச்சுக்குப் பிடிமானம் தருகிறது. அடுத்து வரும் பவுண்டேஷன் என்னும் நிறப்பூச்சில் டைட்டானியம் டை ஆக்சைடும் இரும்பு ஆக்சைடுகளும் நிறம் தருகின்றன. நீடித்து நிற்கும் வகைகளில் எளிதில் ஆவியாகும் ஒரு கரைப்பானும் படலம் உண்டாக்கும் பிசினும் சேர்க்கப்படுகின்றன. கரைப்பான் ஆவியானதும் நீருக்கும் எண்ணெய்க்கும் எளிதில் இளகாத, ஆனால் தோலோடு சேர்ந்து வளையக்கூடிய மெல்லிய படலம் ஒன்று எஞ்சுகிறது. அதன் மேல் எண்ணெயை உறிஞ்சும் பவுடரும், அனைத்தையும் பிணைக்கும் செட்டிங் ஸ்பிரேயும் வருகின்றன. ஒரே கனமான பூச்சைக் காட்டிலும் மெல்லிய பூச்சுகளை ஒவ்வொன்றாக உலரவிட்டு இடுவதே நீடிக்கும் என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்வதன் காரணமும் இதுவே: கனத்த படலம் மடியும் இடத்தில் வெடித்துவிடுகிறது.

படத்துக்குத் தகுதல் வேறு வகையான கணக்கைக் கோருகிறது. நேரில் இயல்பாகத் தெரியும் முகம் பிளாஷ் வெளிச்சத்தில் சாம்பல் பூசியதுபோல் வெளுத்துத் தெரிவதுண்டு. பவுடரிலுள்ள சிலிக்காவும், வெயில் தடுப்புக்காகச் சேர்க்கப்படும் டைட்டானியம் டை ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு போன்றவையும் ஒளியைக் கேமராவை நோக்கித் திருப்பி அனுப்புவதே அதற்குக் காரணம். ஆகவே வெயில் தடுப்புச் சேர்ந்த பூச்சுகளை மாலை வரவேற்புக்குத் தவிர்ப்பதும், நிறத்தைப் புறங்கையில் பாராமல் பகல் வெளிச்சத்தில் தாடையோரத்தில் பார்த்துக் கழுத்தோடு பொருத்துவதும், சில நாட்களுக்கு முன்பே முழு ஒப்பனையையும் ஒருமுறை இட்டுப் பிளாஷுடன் படமெடுத்துப் பார்ப்பதும் நன்மை தரும். ஒவ்வாமை உண்டா என்று அறிய, புதிய பொருள்களைக் காதின் பின்புறமோ முழங்கையின் உட்புறமோ சிறிது தடவி ஓரிரு நாள் கவனிப்பது அவசியம். ஓமப்புகையில் கண் கலங்கும், தாலி கட்டும் நேரத்தில் கண்ணீர் வரும் என்பதால் நீரில் கரையாத மையும் மஸ்காராவும் கொள்ளப்படுகின்றன. இப்பொருள்கள் நீருக்கு அசையாதவை ஆதலால், இரவில் அவற்றைக் களைவதற்கு எண்ணெய் சார்ந்த துடைப்பான் வேண்டும். வெறும் நீரால் தேய்த்தால் தோல்தான் புண்படும். குறிப்புப் பட்டியல்களின் கடைசி வரியில் போகிறபோக்கில் சொல்லப்படும் இந்தக் களைதல், மெய்யியல் நோக்கில் மிக முதன்மையான செய்தி என்பது பின்னர் விளங்கும்.

ஐயமும் ஏற்பும்

ஒப்பனையின் மேல் மெய்யியலாளர்கள் கொண்ட ஐயம் பழமையானது. கிரேக்க அறிஞர் பிளேட்டோ 'கோர்கியாஸ்' என்னும் உரையாடலில், உடலுக்கு உண்மையான நலம் தருவது உடற்பயிற்சி என்றும், அந்த நலத்தின் தோற்றத்தை மட்டும் போலியாகத் தருவது ஒப்பனை என்றும் வகைப்படுத்துகிறார். மருத்துவத்தின் இடத்தில் சுவையூட்டும் சமையலும், நீதியின் இடத்தில் வெற்றுச் சொல்வன்மையும் நிற்பதைப் போலவே இதுவும் என்பது அவர் கருத்து. கிறித்தவ மறையில் பேதுருவின் முதல் நிருபம், பெண்ணின் அலங்காரம் தலைமயிர்ப் பின்னலிலும் பொன்னிலும் உடையிலும் இருக்க வேண்டாம், உள்ளத்தின் அமைதியில் இருக்கட்டும் என்று அறிவுறுத்துகிறது. பௌத்தக் காப்பியமான மணிமேகலையில், தன் அழகை நாடிவந்த இளவரசன் உதயகுமாரனுக்கு மணிமேகலை, காயசண்டிகை என்னும் பெண்ணின் உருவில் இருந்தபடியே, நரைத்துத் தளர்ந்த ஒரு மூதாட்டியைச் சுட்டிக்காட்டி, புலவர்கள் உவமை சொல்லிப் புகழும் ஒவ்வோர் உறுப்பும் என்னவாகிறது என்று எடுத்துரைக்கிறாள். இவை மூன்றும் வெவ்வேறு நிலங்களிலும் காலங்களிலும் எழுந்தவை எனினும், மாறும் ஒன்றை மாறாததாக நம்பச் செய்வது அறியாமையை வளர்க்கும் என்னும் ஓர் அடிப்படையில் ஒன்றுபடுகின்றன.

ஆயினும் இதே மரபுகள் மணமகளின் அலங்காரத்தை முற்றிலும் தள்ளிவிடவில்லை. அலங்காரத்தைக் குறித்து எச்சரித்த அந்த மறைநூல் தொகுதியின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷம், உலக முடிவில் இறங்கிவரும் புதிய எருசலேமை, கணவனுக்காக அலங்கரிக்கப்பட்ட மணமகளுக்கு ஒப்பிடுகிறது. அனைத்தும் அழிந்த பின் நிற்பதைச் சொல்வதற்கு, ஒரு நாள் கோலத்தையே அது உருவகமாகக் கொள்கிறது. காளிதாசரின் குமாரசம்பவமோ இச்சிக்கலைக் கதையின் அமைப்பிலேயே தீர்த்துவைக்கிறது. மன்மதனின் துணையோடு வந்த அழகு சிவனை வெல்லத் தவறிவிடுகிறது, மன்மதன் எரிந்துபோகிறான். அணிகளைக் களைந்து மரவுரி தரித்துச் செய்த தவமே பார்வதிக்குச் சிவனைப் பெற்றுத் தருகிறது. அதற்குப் பின்னரே ஏழாம் சருக்கத்தில் அவளுக்கு மணக்கோலம் செய்யப்படுகிறது. அதாவது, அலங்காரம் அன்பைப் பெறும் கருவியாக இங்கே நிற்கவில்லை. பெற்றுவிட்ட அன்பின் கொண்டாட்டமாக நிற்கிறது. அதே சருக்கத்தில் சிவனுக்குச் செய்யப்படும் மணக்கோலம் இன்னும் நுட்பமானது: அவன் பூசிய சாம்பலே வெண்சந்தனமாகவும், கபாலமே தலையணியாகவும், யானைத்தோலே பட்டாகவும், நெற்றிக்கண்ணே திலகமாகவும் மாறுகின்றன. எதுவும் மறைக்கப்படவில்லை, இருப்பவையே மங்கல முகம் கொள்கின்றன. ஒப்பனை பொய்யாகாமல் இருப்பதற்கு இலக்கணம் வேண்டுமானால் அதை இந்த இடத்தில் காணலாம்.

தமிழில் இதற்கு இணையான எதிர்நிலைகளைச் சிலப்பதிகாரம் தருகிறது. மணம் முடிந்த புதிதில் கோவலன் கண்ணகியைப் பாராட்டும்போது, மங்கல அணி ஒன்றே போதுமான இவளுக்குப் பிற அணிகளைப் பூட்டியவர்கள் என்ன பயன் கண்டார்கள் என்று வியக்கிறான். ஊடல் கொண்ட அதே கோவலனை மகிழ்விக்க மாதவி செய்துகொள்ளும் ஒப்பனையைக் கடலாடு காதை விரிவாகப் பட்டியலிடுகிறது: பத்து வகைத் துவரும், ஐந்து வகை விரையும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீரில் அவள் நீராடுகிறாள். துவர் என்பது துவர்ப்புடைய மூலிகைப் பட்டைகள் முதலியன, விரை என்பது நறுமணப் பொருள்கள், ஓமாலிகை என்பது வாசனைச் சரக்குகளின் கூட்டு. அதன்பின் கால்விரல் முதல் தலைவரை அணிகள் ஏறுகின்றன. காப்பியத்தின் மிகச் செறிவான இந்த ஒப்பனை முடிந்ததும் இருவரும் கடற்கரைக்குச் செல்கிறார்கள், அங்கேயே பிரிந்துவிடுகிறார்கள். இளங்கோவடிகள் இதற்கு அறவுரை எதுவும் எழுதவில்லை என்றாலும், நிகழ்ச்சிகளின் அடுக்கே அலங்காரத்தின் ஆற்றல் எங்கே முடிகிறது என்பதைக் காட்டிவிடுகிறது.

உடலுக்கும் நீருக்கும் இடையே

ஒப்பனையின் அழகைவிட, அது உடலுக்கும் நீருக்கும் இடையில் தடையாக நிற்கிறதா என்பதையே சில சமயங்கள் முதன்மையாகக் கேட்டன. யூத மரபில் மணமகள் திருமணத்துக்கு முன் மிக்வே எனப்படும் சடங்குக் குளத்தில் மூழ்குகிறாள். அப்போது உடலுக்கும் நீருக்கும் நடுவே எதுவும் இருக்கலாகாது என்பதால், ஒப்பனை, நகப்பூச்சு, அணிகலன் அனைத்தும் அகற்றப்படுகின்றன. இஸ்லாமிய மரபில் தொழுகைக்கு முன் செய்யப்படும் ஒளு என்னும் அங்கசுத்தியில் நீர் தோலையும் நகத்தையும் தொட வேண்டும். எனவே மேலே படலமாகப் படியும் நெயில் பாலிஷ் தடையாகக் கருதப்படுகிறது, மருதாணியின் நிறமோ தடையாகக் கருதப்படுவதில்லை. இந்த வேறுபாட்டுக்கு வேதியியல் அடிப்படையும் உண்டு. மருதாணியிலுள்ள லாசோன் என்னும் நிறப்பொருள் தோலின் கெரட்டின் புரதத்தோடு பிணைந்து அதையே நிறமாக்குகிறது; தோலின் மேலடுக்கு உதிர உதிர, ஒன்று முதல் மூன்று வாரங்களில் அதுவும் உதிர்ந்துவிடுகிறது. பவுண்டேஷன் தோலுக்கு மேலே இருந்து தோலின் வேலையைத் தடுத்து நிலைக்கிறது; மருதாணியோ தோலோடு ஒன்றித் தோலின் காலக்கணக்கிலேயே மறைகிறது.

தமிழரின் மணச்சடங்கிலும் நீரே முன்னிற்கிறது. அகநானூற்றின் 86ஆம் பாடல், தலைவன் தன் மணநாளை நினைவுகூர்வதாக, சங்ககாலத் திருமணம் ஒன்றை விவரிக்கிறது: உழுந்து சேர்த்த பொங்கல், மணல் பரப்பிய பந்தல், விளக்கு, மாலை, நல்ல நாளின் விடியல், தலையில் குடம் சுமந்த முதுபெண்டிர், பின் மகனைப் பெற்ற மகளிர் நால்வர் கூடி மணமகளை வாழ்த்தி நீராட்டுதல். அந்த நீரில் பூவிதழும் நெல்லும் கலந்திருக்கின்றன. நீராட்டிய பின் அவை அவளுடைய கூந்தலில் ஒட்டி விளங்குகின்றன. அப்பாடல் மணப்பெண்ணின் கோலமாகக் காட்டுவது பெரும்பாலும் இந்த ஈரப் பூவையும் நெல்லையும் புத்தாடையையுமே. அவை உலரும்வரை மட்டுமே நிற்பவை. இன்றும் பல குடும்பங்களில் நலங்கு வைப்பதும் மஞ்சள் நீராட்டுவதும் இந்த முறையின் தொடர்ச்சியாகவே அமைகின்றன. மஞ்சளின் குர்குமின் என்னும் நிறப்பொருள் நீரில் எளிதில் கரைவதில்லை. ஆதலால் குளித்த பின்னும் நிறம் தங்குகிறது, ஆனால் வெயில் படப்பட வெளுத்துவிடுகிறது. நாள்தோறும் பூசிக்கொள்ள வேண்டிய பொருளாக மஞ்சள் இருந்ததோடு அதன் இந்த இயல்பு பொருந்துகிறது.

பார்ப்பவர் யார்

குமாரசம்பவத்தில் மணக்கோலம் முடிந்த பார்வதி கண்ணாடியில் தன்னைப் பார்த்ததும் சிவனைக் காண விரைகிறாள். பெண்ணின் அலங்காரத்துக்குப் பயன் அன்புடையவன் பார்ப்பதிலேதான் என்று கவி அங்கே கூறுகிறார். ஒப்பனையின் அறத்தை இது பார்வையின் அறமாக மாற்றிவிடுகிறது: அலங்காரம் யாரை நோக்கியது என்பதைக் கொண்டே அதன் மதிப்பு அமைகிறது. அலங்காரம் தனக்காகவும் இருக்கலாம் என்னும் இன்றைய எண்ணத்துக்கு இக்கூற்று இடம் தருவதில்லை என்பது உண்மையே. ஆனாலும் பார்ப்பவர் இல்லாமல் அலங்காரம் முழுமை பெறுவதில்லை என்ற அளவில் அது ஏற்கத்தக்கது. படத்துக்குத் தகும் ஒப்பனையில் அந்தப் பார்ப்பவர் மாறிவிடுகிறார். எதிரே நிற்கும் மணமகனோ, மணவறையைச் சூழ்ந்த உறவினரோ அன்றி, இன்னும் பிறக்காத பேரக் குழந்தைகளும் முகமறியாத பலரும் பிற்காலத்தில் பார்க்கப்போகும் ஒரு சட்டகத்தை நோக்கி முகம் ஆயத்தமாகிறது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலான் பார்த், 1980இல் வெளியான தம் 'கேமரா லூசிடா' நூலில், படம் எடுக்கப்படும் ஒருவர் ஒரே நேரத்தில் நால்வராகிறார் என்கிறார்: தம்மை யார் என்று எண்ணுகிறாரோ அவர், பிறர் யார் என்று எண்ண வேண்டும் என்று விரும்புகிறாரோ அவர், படமெடுப்பவர் யார் என்று எண்ணுகிறாரோ அவர், படமெடுப்பவர் தம் கலைக்காகப் பயன்படுத்தும் அவர். மணநாளில் இந்த நால்வரின் கூட்டத்துக்கு நடுவே ஐந்தாமவராக, உண்மையிலேயே மணம் செய்துகொள்ளும் பெண் நிற்க வேண்டியிருக்கிறது.

பார்வையின் ஆற்றலைத் தமிழ் மக்கள் வழக்கம் வேறு விதமாகக் கையாண்டிருக்கிறது. கண்ணேறு, அதாவது பொறாமையோ மிகுவியப்போ கலந்த பார்வை தீங்கு செய்யும் என்ற நம்பிக்கையினால், முழுமையாக அலங்கரிக்கப்பட்ட மணப்பெண்ணின் கன்னத்தில் கருமையால் திருஷ்டிப் பொட்டு வைக்கப்படுகிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து சிவந்த நீரால் ஆரத்தி எடுக்கப்படுகிறது. கண்ணேறு உண்மையில் உண்டா என்ற வினாவை ஒதுக்கிவைத்தாலும், இவ்வழக்கத்தின் உட்பொருள் கவனிக்கத்தக்கது. குறையற்ற அழகு மனிதர் முகத்தில் இருக்கத் தகாதது, ஆகவே வேண்டுமென்றே ஒரு குறையை இட்டு அதை மனித அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அது கருதுகிறது. கறை, மரு, தழும்பு எதுவும் படத்தில் தெரியாமல் மூடும் கன்சீலரும், கணினியில் பின்னர் செய்யப்படும் திருத்தமும் இதற்கு நேர் எதிரான திசையில் செல்கின்றன. அழகு நிலையம் அரைமணி நேரம் செலவிட்டு மறைத்த கன்னத்தின் மேல், வீட்டுப் பெரியவர் ஒருவர் விரல்நுனியால் கருமையை இட்டுவிட்டுப் போவது, அழகைப் பற்றிய இரண்டு கொள்கைகள் ஒரே முகத்தில் சந்திப்பதாகும்.

நிறம் என்னும் வழக்கு

மணப்பெண் ஒப்பனையில் அறம் மிகவும் தவறிப்போகும் இடம் நிறமே. முகத்தின் இயல்பான நிறத்தைவிட ஓரிரு படி வெளுத்த பூச்சைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம், கழுத்துக்கும் கைக்கும் முகத்துக்கும் இடையே நிற வேறுபாட்டை உண்டாக்கி, தொழில்முறையிலும் தவறாகவே முடிகிறது. அகநானூற்று 86ஆம் பாடலின் மணமகளை அவள் கணவன் மாயோள், அதாவது மாநிற மேனியள், என்றே குறிப்பிடுகிறான்; மாந்தளிரை ஒத்த மாமை நிறம் சங்கப் பாடல்களில் பெண்ணின் நலமாகவே பேசப்படுகிறது. அப்பாடல்களில் வெளிறிய நிறத்துக்கும் ஓர் இடம் உண்டு. பசலை எனப்படும் அது, தலைவன் பிரிந்த துயரால் மேனியில் பரவும் வெளுப்பு. திருக்குறள் அதற்கென்றே ஓர் அதிகாரம் வைத்திருக்கிறது. மாமையை உண்டு பசலை பரவுவது என்பது தலைவிக்கு நேரும் கேடு. ஆகவே சங்கப் புலவர் ஒருவர் இன்றைய வரவேற்பு மேடையைக் கண்டால், கூடியதைக் கொண்டாடும் நாளில் பிரிவின் நிறத்தை இப்பெண்ணுக்கு ஏன் பூசினார்கள் என்றுதான் கேட்பார்.

இந்த விருப்பத்துக்குப் பின்னால் சாதி, குடியேற்ற ஆட்சி, திரைப்படம் எனப் பல காரணங்கள் இருக்க, கேமராவும் தன் பங்கைச் செய்திருக்கிறது. கோடக் நிறுவனம் வண்ணப் படங்களின் நிறத்தைச் சரிபார்க்க ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி அட்டை'யில் நெடுங்காலம் வெள்ளை நிறப் பெண்ணின் உருவமே அளவுகோலாக இருந்தது. அதற்கேற்ப அமைந்த பிலிமில் கறுத்த மேனியின் நுண்ணிய நிற வேறுபாடுகள் பதியாமல் போயின. இந்தியாவில் 1975இல் அறிமுகமான பேர் அண்ட் லவ்லி என்னும் கிரீம், வெளுப்பே நல்வாழ்வின் வாயில் என்று விளம்பரம் செய்து, 2020இல் தன் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது. வைணவர் வணங்கும் கண்ணனும், சாக்தர் வணங்கும் காளியும் கருநிறத்தவராகவே போற்றப்படும் நாட்டில், தெய்வத்துக்குத் தடையாகாத நிறம் மணமகளுக்கு மட்டும் தடையாவது சமய நோக்கில் விளக்க முடியாத ஒன்று. குமாரசம்பவத்தின் சிவனைக் கொண்டு வகுத்த இலக்கணம் இங்கே துணைக்கு வரும்: இருப்பதை மங்கலமாக்கும் ஒப்பனை உண்மையானது, இருப்பதற்கு வெட்கப்படச் செய்யும் ஒப்பனை பொய்யானது. மேனியின் நிறத்தோடு பொருந்திய பூச்சைத் தேர்தல் என்பது ஆகவே அழகுக் குறிப்பாக மட்டும் நில்லாமல் அறக்குறிப்பாகவும் ஆகிறது.

களைதலும் புதுப்பித்தலும்

ஒப்பனை உலரும் நேரத்தையே ஒரு பெரும் கதையின் மையமாக வைத்தவர், கி.பி. முதல் அல்லது இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பௌத்தக் கவிஞர் அசுவகோஷர். அவருடைய சமஸ்கிருதக் காப்பியமான சௌந்தரநந்தத்தில், புத்தரின் தம்பி நந்தன் தன் மனைவி சுந்தரிக்குக் கண்ணாடி பிடித்துக்கொண்டிருக்கிறான். அவள் முகத்தில் விசேஷகம் எனப்படும் வண்ணக் கோலத்தை எழுதிக்கொண்டிருக்கிறாள். பிச்சைக்கு வந்த புத்தர் வெறுங்கையோடு திரும்பியதை அறிந்து நந்தன் புறப்படுகையில், இந்தக் கோலம் உலர்வதற்குள் வந்துவிட வேண்டும் என்று அவள் வாக்குப் பெறுகிறாள். அவன் திரும்பவில்லை, துறவியாகிவிடுகிறான். நிலையாமையை விளக்க எழுந்த இக்கதை துறவின் பக்கம் நின்றே பேசுகிறது. ஆனாலும் கோலம் உலரும் அந்தச் சிறு பொழுதைக் கவிஞர் இத்தனை பரிவோடு எழுதியிருப்பதால், இழக்கப்பட்டதன் மதிப்பும் படிப்பவருக்குப் புலப்பட்டுவிடுகிறது. சுந்தரி கேட்டது கோலம் அழியாமல் இருக்க வேண்டும் என்பதன்று. அது உலர்வதற்குள் உரியவர் அருகில் இருக்க வேண்டும் என்பது.

இல்லறத்தின் பக்கம் நின்று இதே சிக்கலுக்குக் கோயில் வழிபாடு விடை சொல்கிறது. இறைவனுக்குச் செய்யப்படும் அலங்காரம் எத்தனை அரியதாயினும் களையப்படுகிறது. மாலைகள் நிர்மாலியமாக, அதாவது வழிபட்டுக் கழித்த பொருளாக நீங்குகின்றன. திருமஞ்சனம் என்னும் நீராட்டு நடக்கிறது. மீண்டும் புதிய அலங்காரம் தொடங்குகிறது. திருவொற்றியூரில் ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுதும் கவசம் சாத்தப்பட்டிருந்து, கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாட்கள் மட்டும் கவசம் நீங்கிக் காட்சி தருகிறார். விசாகப்பட்டினத்தை அடுத்த சிம்மாசலத்தில் ஆண்டு முழுதும் சந்தனக் காப்பில் மறைந்திருக்கும் நரசிம்மர், அட்சய திருதியை அன்று மட்டும் தம் இயல்பான உருவில் காணப்படுகிறார். மனிதருக்கு அலங்காரம் ஒரு நாள், இயல்பு எஞ்சிய நாட்கள். இத்தலங்களில் அலங்காரம் எஞ்சிய நாட்கள், இயல்பு ஒரு சில நாள். இரண்டிலும் மூடலும் திறத்தலும் ஒன்றையொன்று பொருளுடையதாக்குகின்றன. ஒருபோதும் களையப்படாத காப்பு, காப்பு என்றே அறியப்படாமல் போயிருக்கும்.

திருமணத்தின் அடையாளங்களும் இந்த முறையையே பின்பற்றுகின்றன. மஞ்சள் கயிறு நைந்துபோகும். ஆடிப்பெருக்கு நாளில் பல பெண்கள் அதை மாற்றிப் புதிய கயிறு கட்டிக்கொள்கிறார்கள். குங்குமம் நாள்தோறும் அழிந்து நாள்தோறும் இடப்படுகிறது. திருமண வாழ்வின் நிலைபேற்றைக் குறிக்க அழியாத பொருள் ஒன்றைத் தேடாமல், அழியும் பொருளையும் அதைப் புதுப்பிக்கும் கடமையையும் இம்மரபு சேர்த்தே தேர்ந்திருக்கிறது. இவ்வடையாளங்களைப் பெண் மட்டுமே சுமக்க வேண்டும் என்பதும், கணவனை இழந்தவளிடமிருந்து அவற்றைப் பறிப்பதும் நீதியாகா என்னும் கண்டனம் முற்றிலும் சரியானது. அக்கண்டனத்தை ஏற்ற பின்னும், உறவு என்பது செய்துமுடித்த பொருளாக இல்லாமல் செய்துகொண்டே இருக்க வேண்டிய வினையாக இருக்கிறது என்ற அடிப்படைக் கருத்து, கணவன் மனைவி இருவருக்கும் பொதுவானதாக எஞ்சி நிற்கிறது.

இதிலிருந்து மணப்பெண் ஒப்பனையைப் பற்றிய தீர்ப்பை வகுக்கலாம். பதினாறு மணி நேரம் கலையாத படலம் தடுத்து நிற்கும் வகையைச் சேர்ந்தது. வியர்வையும் புகையும் கண்ணீரும் நிறைந்த ஒரு நீண்ட நாளில் பெண்ணுக்குத் தன் முகத்தைப் பற்றிய கவலையை அது நீக்குமானால், அதில் குற்றம் காண வேண்டியதில்லை. படமும் அவ்வாறே; அகநானூற்றுத் தலைவன் சொல்லால் மீட்டெடுத்த மணநாளை இக்காலத்தவர் ஒளியால் மீட்டெடுக்கிறார்கள். குற்றம் தொடங்குவது, இந்தத் தடுத்து நிற்றலே நிலைத்தலின் ஒரே வடிவம் என்று எண்ணும்போதுதான். அப்படி எண்ணுபவர்கள் படத்திலுள்ள முகத்தை அளவுகோலாக்கி, மறுநாள் காலை முதல் வரும் முகங்களையெல்லாம் அதன் தேய்வாகக் கணக்கிடத் தொடங்குவார்கள். மணப்பெண்ணுக்கு ஒப்பனை செய்பவர் எவ்வாறு இடுவது என்பதோடு எவ்வாறு களைவது என்பதையும் சொல்லித்தருவது வழக்கம். திருமணத்துக்கு வாழ்த்துபவர்களும் அந்த இரண்டாவது பாடத்தை விட்டுவிடலாகாது. எண்ணெய் தொட்டுத் துடைத்த பின் தெரியும் முகத்தோடுதான் வாக்குக் கொடுத்தவர் வாழப்போகிறார், அந்த முகமும் மாறும், மாறமாற அதை ஏற்கும் மனம் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதே மணக்கோலம் நிலையாமைக்குச் சொல்லும் மறுமொழி.